நூற்றைம்பது கிராம்

ஆறு கிலோ குறைய வேண்டும், மே மாதத்துக்குள்.
தராசைவிட்டு நான் இறங்குவதற்குள்
அறுவை மருத்துவர் சொல்லி முடித்துவிட்டார்.
என்னிடமிருந்து அவர்கள் எடுக்கப்போவதோ
நூற்றைம்பது கிராம்.
பெரிய அவரை விதை,
நனைந்த ரொட்டித் துண்டின் கனம்.

ஒஸ்த்ரவாவில் பனி இன்னும் விடவில்லை.
டிராமைக் கொட்டகையில் விட்டுவிட்டு
இரவு பதினொன்றரைக்கு அடுப்பின் முன் நிற்கிறேன்,
சீருடையின் மேல் பொத்தானை மட்டும் கழற்றி.

பாதி முட்டைக்கோஸ்.
நிலவறையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து
தோல் தடித்த நூல்கோல் ஒன்று.
லீக் தண்டு. கேரட் மூன்று.
செலரிக் கிழங்கு, குழந்தை சேற்றில் பிடித்த முகம் மாதிரி.
டப்பாத் தக்காளி.
எண்ணெய் இல்லை.
எண்ணெய் இல்லை என்று இரண்டாம் முறையும் சொல்லிக்கொள்கிறேன்,
கை தானாகப் போகிறது பன்றிக்கொழுப்பு ஜாடிக்கு,
கண் தெரியாத நாய் வீடு திரும்புவதுபோல.

வெங்காயத்தைத் தண்ணீரில் வதக்கு என்கிறது
மருத்துவமனை கொடுத்த தாள்.
தண்ணீரில் வெங்காயம் வதங்காது.
வியர்க்கும், அவ்வளவுதான்,
மூன்றாம் மாடி ஏறிய என்னைப் போல.

மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துக் கரைக்காததற்கு
சூப் என்று பெயரா என்பான் லூபோமிர்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பான்.
ஆனாலும் இரண்டு வாரமாக
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான்
தன் ரொட்டிக் கொழுக்கட்டையைக் குழம்பில் தோய்த்துத் தின்கிறான்.
முதுகால் அன்பு காட்டத் தெரிந்த மனிதன்.

விளாஸ்டிமில் என் தம்பி.
அப்பாவின் கராஜை என்னைக் கேட்காமல் விற்றவன்.
ஒன்பது வருடம் பேச்சில்லை.
எங்களுக்கு முன்னால் ரத்தம் பேசிவிட்டது
பரிசோதனைக் குழாய்க்குள்,
பொருந்துகிறது என்று.
மன்னித்துவிட்டீர்களா, கேட்டாள் மனநல மருத்துவர்.
முதலில் ஆறு கிலோ, என்றேன்.

போன் அடிக்கிறது.
டயாலிசிஸ் நாளில் அவனுக்குத் தூக்கம் வராது.
"என்ன சாப்பிடுகிறாய்?"
"சூப்."
"தக்காளி போட்டா?"
"போட்டுத்தான்."
சற்று நேரம் மூச்சு மட்டும்.

தக்காளி அவனுக்கு ஆகாது. கீரை ஆகாது.
உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்து
இரண்டு முறையும் சாரத்தைத் தொட்டியில் கொட்ட வேண்டும்.
நாள் முழுக்கச் சேர்த்து மூன்று தம்ளர் நீர்.
என் கிண்ணம் ஒன்று அவனுடைய அரை நாள்.
என்னை இளைக்கவைப்பது எதுவோ
அது அவனைச் சாய்த்துவிடும்.

"மரு போட்டாயா, திராஹா?"
மறந்திருந்தேன்.
காய்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கித் தூவி
போனைப் பாத்திரத்தின் மேல் பிடித்தேன்,
போனுக்கும் மூக்கு இருப்பதுபோல.
கண்ணாடித் திரை வியர்த்தது.

"அந்தக் கராஜ்..." என்று ஆரம்பித்தான்.
"சூப் ஆறுகிறது" என்றேன்.
"அப்படியென்றால் குடி. சத்தமாக."
குடித்தேன்,
அப்பா உறிஞ்சுவாரே, பல்லிடுக்கில் காற்றையும் சேர்த்து,
அம்மா கரண்டியால் மேசையைத் தட்டுவாளே, அப்படி.
ஒரு கிண்ணம். பிறகு, பசியில்லாமல், இன்னொன்று.
அந்தப் பக்கம் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
போனை மட்டும் வைக்கவில்லை.

காலையில் தராசு
நேற்றைவிட நானூறு கிராம் குறைத்துக் காட்டியது.
லூபோமிர் கை தட்டினான்.

நானூறு.
தம்பிக்கு வேண்டியதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.
ஒரே இரவில் என்னைவிட்டுப் போயிருக்கிறது,
கத்தியில்லாமல், கையெழுத்தில்லாமல்,
யாருக்கும் உதவாமல்.

எங்கே போயிற்று அது?
வெறுங்காலோடு தராசிலேயே நிற்கிறேன்.
முள் ஆடிக்கொண்டிருக்கிறது.